நுரையீரல் ரத்தக் குழாயைப் பின்தொடர்வது எப்படி: சிடி மேசையிலிருந்து ஒரு வழிகாட்டி

பாடப்புத்தகத்தில் நுரையீரல் சிரைகள் நான்கு. வலப்பக்கம் இரண்டு, இடப்பக்கம் இரண்டு. தமனி ஒன்றாகக் கிளம்பி இரண்டாகப் பிரியும். படமும் அழகாக இருக்கும், தேர்வில் மதிப்பெண்ணும் வரும். ஆனால் அந்தப் படத்தை மனதில் வைத்துக்கொண்டு சிடி திரை முன்னால் உட்கார்ந்தால் என்ன ஆகும் தெரியுமா? இல்லாததும் இருப்பதாகத் தெரியும். நான்கைத் தேடுகிற கண்ணுக்கு நான்குதான் கிடைக்கும். ஐந்தாவது கண்ணெதிரே ஓடினாலும் கிளை என்று ஒதுக்கிவிடும்.

நான் சிங்கப்பூரில் ஒரு பொது மருத்துவமனையில் ரேடியோகிராஃபர். வெகுகாலம் ஸ்கேன் அறையில் நின்றேன். இப்போது பெரும்பாலும் முப்பரிமாணப் படம் தயாரிக்கும் மேசையில் இருக்கிறேன். நெஞ்சறுவை மருத்துவரும் இதயத் துடிப்புச் சிகிச்சை மருத்துவரும் கேட்கிற வரைபடங்களை அங்கே செய்கிறோம். அறிக்கை எழுதுவது ரேடியாலஜிஸ்ட். குழாய்களை வரைந்து காட்டுவது நாங்கள். எஸ்ஐடி பல்கலைக்கழகத்திலிருந்து பயிற்சிக்கு வரும் தமிழ்ப் பிள்ளைகள், “அக்கா, இதை ஒரு தடவை தமிழ்ல சொல்லுங்களேன்” என்று கேட்பார்கள். அவர்களுக்காகத்தான் இது. அறிக்கையைக் கையில் வைத்துக்கொண்டு விழிக்கும் குடும்பத்தார் கடைசிப் பகுதிக்கு நேரே போய்விடலாம்.

பயிற்சிப் பிள்ளைகளுக்கு முதல் நாளே நான் சொல்லும் விதி ஒன்றுதான்: ஒரு குழாயின் இரண்டு முனையையும் பார்க்காமல் அதற்குப் பெயர் வைக்காதே. எங்கே கிளம்புகிறது, எங்கே போய்ச் சேருகிறது, இரண்டும் தெரிந்த பிறகு பெயர் தானாக வரும்.

முதலில் மூச்சு, ஊசி, நேரம்

படம் சரியில்லை என்றால் எந்தக் கெட்டிக்காரராலும் குழாயைத் தொடர முடியாது. ஊசி வலக்கையில், முழங்கை மடிப்பில் இருக்கட்டும். இடக்கையில் போட்டால் குழாயைப் படத்தில் வெளிச்சமாகக் காட்டும் அடர்த்தியான கான்ட்ராஸ்ட் மருந்து நெஞ்சின் குறுக்கே இடது பிரேக்கியோசெஃபாலிக் சிரை வழியாக ஓடும். அந்தப் பளிச்சில், அதே சிரையில் தவறி வந்து சேரும் நுரையீரல் சிரை ஒன்று இருந்தால் மறைந்துபோகும். வேகம் நொடிக்கு 4 முதல் 5 மில்லி, பின்னாலேயே சலைன் (உப்புநீர்). சலைன் போடாவிட்டால் மேற்பெருஞ்சிரையில் மருந்து தேங்கி, பக்கத்தில் ஓடும் வலது தமனியையும் வலது மேல் சிரையையும் கோடு கோடாகக் கெடுத்துவிடும்.

நேரத்தைக் கேள்விக்குத் தகுந்தபடி பிடிக்க வேண்டும். ரத்தக் கட்டி அடைத்திருக்கிறதா என்று பார்க்க வந்தவருக்கு நுரையீரல் தமனித் தண்டில் மருந்து எட்டியதும் ஓட்டுகிறோம். ஆப்லேஷனுக்கு, அதாவது துடிப்புக் கோளாறுக்காகத் தழும்பு போடும் சிகிச்சைக்கு, வந்தவருக்கு இடது ஏட்ரியத்தில் (இதயத்தின் இடது மேலறையில்) எட்ட வேண்டும். இரண்டுக்கும் இடையே சில நொடிகள்தான். இதயம் பலவீனமாக இருப்பவருக்கு அந்தச் சில நொடிகள் நீளும், அதனால் கடிகாரத்தை நம்பி ஓட்டுவது எனக்குப் பிடிக்காது. மருந்து வந்து சேருவதைத் திரையில் பார்த்துத்தான் ஓட்ட வேண்டும். நுரையீரலின் பெரும்பிரிவான மடலை எடுக்கும் அறுவைக்குத் திட்டமிடும் ஸ்கேன் இரண்டையும்விடச் சிக்கலானது. அங்கே தமனியும் சிரையும் இரண்டுமே தெரிய வேண்டும், ஆனால் ஒரே பளபளப்பில் தெரியக் கூடாது. இரண்டுக்கும் வெளிச்ச வித்தியாசம் இருந்தால் பிறகு மேசையில் பாதி வேலை குறையும்.

மூச்சைப் பற்றி இளையவர்கள் யாரும் கவலைப்படுவதில்லை. கவலைப்பட வேண்டும். “நல்லா மூச்சை இழுங்க” என்றால் நம் பெரியவர்கள் சொன்ன பேச்சுக்கு மரியாதை கொடுத்து நெஞ்சு வெடிக்க இழுப்பார்கள். அப்படி இழுக்கும்போது வயிற்றுப் பக்கமிருந்து கீழ்ப்பெருஞ்சிரை வழியாக மருந்து கலக்காத ரத்தம் இதயத்துக்குள் பாய்ந்து, சரியாக அந்த நொடியில் தமனியில் மருந்தை நீர்க்க வைத்துவிடும். தமனி நடுவே வெளிறிப்போகும். ரத்தக் கட்டி இருப்பது போலவும் தோன்றும். ஆகவே சாதாரணமாக இழுத்து நிறுத்தச் சொல்லுங்கள், மேசையை உள்ளே தள்ளுவதற்கு முன்பே ஒரு தடவை பழக்கிப் பாருங்கள். இயந்திரத்தில் பதிவு செய்த குரல் இருக்கும். எனக்கு அதில் நம்பிக்கை குறைவு. “அம்மா, மெதுவா இழுங்க... போதும்... அப்படியே பிடிச்சுக்கோங்க” என்று நேரில் சொல்லிப் பழக்கினால் அந்தம்மா நிற்பார். இந்த ஊரில் வேலை பார்க்க “தாரிக் நஃபாஸ், தஹான்” என்பதும் “ஷீ ச்சி, பியே ச்சி” என்பதும் தூக்கத்திலும் வர வேண்டும்.

திரையில் தமனியையும் சிரையையும் பிரிப்பது

ஒரு மில்லிமீட்டர் அல்லது அதைவிட மெல்லிய துண்டுகளை (குறுக்குவெட்டுப் படங்களை)த் திறங்கள். ஒரு பக்கம் நுரையீரல் விண்டோ (திரையின் வெளிச்ச அமைப்பு): மையம் கழித்தல் 600, அகலம் 1500. இன்னொரு பக்கம் மருந்து ஓடும் குழாய்க்கு: மையம் 100, அகலம் 700. இரண்டையும் இணைத்துவிட்டால் ஒன்றை உருட்டும்போது மற்றதும் உருளும்.

விதி இதுதான். தமனி மூச்சுக்குழாயோடு ஒட்டிக்கொண்டே போகும். மூச்சுக்குழாய் பிரிந்தால் அதுவும் பிரியும். சிரை மூச்சுக்குழாயைக் கண்டுகொள்ளாது. மடலின் உட்பிரிவுகளான துண்டத்துக்கும் துண்டத்துக்கும் நடுவே, எல்லையிலேயே ஓடும். வயல் பார்த்து வளர்ந்தவர்களுக்கு ஒரே வரியில் சொல்லலாம்: வாய்க்கால் வயலுக்குள் நுழையும், வடிகால் வரப்போரமாகப் போகும். நுரையீரலின் ஒரு துண்டத்தை மட்டும் வெட்டி எடுக்கும் அறுவை மருத்துவர் வெட்டும் கோட்டைக் கண்டுபிடிப்பதும் அந்தச் சிரையை வைத்துத்தான்.

கீழ் மடலில் இன்னொரு குறுக்குவழி உண்டு. அங்கே தமனிகள் மூச்சுக்குழாயோடு செங்குத்தாக இறங்கும், சிரைகள் கிடைமட்டமாக இதயத்தை நோக்கி வரும். குறுக்குவெட்டில் தமனி வட்டமாகவும் சிரை நீளமாகவும் தெரிந்தால் பெரும்பாலும் சரியாகத்தான் இருக்கும். பெரும்பாலும் என்றுதான் சொல்கிறேன். முனை வரை போய்ப் பாருங்கள்.

பத்து மில்லிமீட்டர் தடிமனில் மிகப் பளிச்சென்ற புள்ளிகளை மட்டும் சேர்த்து ஒரே படமாக்கும் மிப் படம் போட்டால் குழாயின் ஓட்டம் நன்றாகத் தெரியும். ஆனால் கிளை எங்கே கிளம்புகிறது என்பதை அதில் முடிவு செய்யாதீர்கள். ஒன்றின்மேல் ஒன்று கிடக்கும் இரண்டு குழாய்கள் அதில் ஒன்றாகிவிடும். வண்ண முப்பரிமாணப் படத்தைக் கடைசியில்தான் திறக்க வேண்டும். இப்போது மென்பொருள் தானாகவே தமனிக்கு நீலமும் சிரைக்குச் சிவப்பும் பூசிக் கொடுத்துவிடுகிறது. தமனியும் சிரையும் உரசிக்கொண்டு போகும் இடத்தில் அது கட்சி மாறிவிடும். நீலம் திடீரென்று சிவப்பாவதைப் பார்த்தால் அது அந்த நோயாளியின் விசித்திரம் என்று எண்ண வேண்டாம், மென்பொருளின் குழப்பமாகத்தான் இருக்கும். மெல்லிய துண்டுக்குத் திரும்பிப் போய்க் கையால் திருத்துங்கள்.

சிரைகள்: இதயத்திலிருந்து தொடங்குங்கள்

சிரையை இடது ஏட்ரியத்திலிருந்து வெளிநோக்கிப் பின்தொடருவதே என் வழக்கம். வாசல்களை எண்ணி முடித்த பிறகு ஒவ்வொரு வாசலிலிருந்தும் கிளம்பிப் போகிறேன்.

வாசல் எண்ணிக்கை ஏன் ஆளுக்கு ஆள் மாறுகிறது என்று ஒரு தடவை புரிந்துவிட்டால் பிறகு மனப்பாடம் தேவையில்லை. கருவில் நுரையீரலின் ரத்தம் முதலில் உடலின் பொதுச் சிரைகளில்தான் வடிகிறது. பிறகு இடது ஏட்ரியத்திலிருந்து பொது நுரையீரல் சிரை ஒன்று முளைத்து நுரையீரலை எட்டுகிறது. அந்தப் பொதுச் சிரையும் அதன் முதல் கிளைகளும் மெல்ல ஏட்ரியத்தின் சுவருக்குள் இழுக்கப்படுகின்றன. இரண்டு கிளை வரை இழுத்தால் பக்கத்துக்கு இரண்டு வாசல். இழுப்பு பாதியில் நின்றால் இரண்டும் சேர்ந்து ஒரே வாசல். அதிகமாக இழுத்துவிட்டால் சின்னக் கிளையும் தனி வாசலோடு நேரே ஏட்ரியத்தில் திறக்கும். பழைய பொதுச் சிரைகளோடு இருந்த தொடர்பு அறுந்துபோகாமல் நின்றுவிட்டால் அது வேறு கதை, கீழே வருகிறேன்.

இடப்பக்கம் இழுப்பு பாதியில் நிற்பது சகஜம். மேல் சிரையும் கீழ் சிரையும் சேர்ந்து ஒரு பொதுத் தண்டாக ஏட்ரியத்தில் நுழையும். ஆய்வுக்கு ஆய்வு கணக்கு மாறும். ஏழெட்டுப் பேரில் ஒருவருக்கு இருக்கும் என்று வைத்துக்கொள்ளலாம். இதை விட்டுவிட்டால் வரும் கேடு பெரியது. இடது மேல் மடலை எடுக்கும்போது அந்தத் தண்டை மேல் சிரை என்று நினைத்து ஸ்டேப்ளர் போட்டால், விட்டுவைத்த கீழ் மடலுக்கு ரத்தம் வெளியேற வழியே இருக்காது. மடல் வீங்கிக் கெடும். முழு நுரையீரலையும் எடுக்க நேரலாம். எனவே பொதுத் தண்டைப் பார்த்தால் அதன் நீளத்தையும் அளந்து எழுதுங்கள். தண்டு ஏட்ரியத்திலிருந்து எவ்வளவு தூரத்தில் பிரிகிறது என்பதுதான் மருத்துவர் கேட்கப் போகும் முதல் கேள்வி.

வலப்பக்கம் எண்ணிக்கை கூடுவதே அதிகம். வழக்கமாக நடு மடலின் சிரை வலது மேல் சிரையில் சேரும். பலருக்கு அது தனி வாசலோடு நேரே ஏட்ரியத்துக்கு வரும். சிலருக்குக் கீழ் சிரையில் சேரும், அப்படிப்பட்டவருக்கு வலது கீழ் மடலை எடுக்கும்போது கீழ் சிரையை அடியோடு கட்டினால் நடு மடல் மாட்டிக்கொள்ளும். ஆக, நடு மடல் சிரை எங்கே போகிறது என்பதைத் தனி வரியாக எழுதுங்கள், வழக்கப்படி இருந்தாலும் எழுதுங்கள். “பார்த்தேன், சாதாரணம்” என்பதும் ஒரு தகவல்தான்.

வலப்பக்கத்தில் இன்னொன்று. இங்கே எல்லோரும் “ரைட் டாப் வெயின்” என்றே சொல்கிறார்கள். மேல் மடலின் பின் துண்டத்துச் சிரை, வழக்கம்போல் முன்பக்கமாக வராமல், நடு மூச்சுக்குழாயின் பின்புறமாக இறங்கிக் கீழ் சிரையிலோ ஏட்ரியத்திலோ சேரும். அரிதுதான். ஆனால் மூச்சுக்குழாய் பிரியும் இடத்துக்குக் கீழே உள்ள நிணநீர்க் கணுக்களை அறுவை மருத்துவர் சுரண்டி எடுப்பது சரியாக அந்த இடத்தில். நடு மூச்சுக்குழாயின் பின்னால் நுரையீரலைத் தவிர எதுவும் இருக்கக் கூடாது. அங்கே ஒரு சின்ன வெள்ளைப் புள்ளி தெரிந்தால் உருட்டுவதை நிறுத்துங்கள். கணு என்று கடந்து போகாமல் மேலும் கீழும் தொடருங்கள்.

ஆப்லேஷன் வரைபடத்துக்கு வருவோம். 1998ல் பிரான்சின் போர்தோ நகரில் மிஷேல் ஹைசகேர் குழுவினர் 45 பேரிடம் ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் என்ற துடிப்புக் கோளாறு எங்கிருந்து கிளம்புகிறது என்று தேடினார்கள். கிடைத்த 69 புள்ளிகளில் 65 நுரையீரல் சிரைகளுக்குள்ளே இருந்தன. அவற்றில் 31 இடது மேல் சிரையில். சிரைவாசலைச் சுற்றித் தழும்பு போட்டு மின்துடிப்பைத் தடுக்கும் சிகிச்சை அங்கிருந்துதான் வளர்ந்தது. ஆகவே இந்த மருத்துவர்களுக்கு வாசல்தான் முக்கியம், கிளை இரண்டாம்பட்சம்.

வாசலை அளக்கும்போது சிரையின் அச்சுக்குச் செங்குத்தாகத் தளத்தைத் திருப்பிக்கொள்ளுங்கள். நேரான குறுக்குவெட்டில் அளந்தால் தப்பாகும். வாசல் வட்டம் இல்லை, முட்டை வடிவம். இடப்பக்கம் இன்னும் தட்டையாக இருக்கும். நீள விட்டம், குறுகிய விட்டம் இரண்டையும் கொடுங்கள். உறைகுளிர் பலூனின் வழக்கமான அளவு 28 மில்லிமீட்டர், அது பொதுத் தண்டு ஒன்றின் அகன்ற வாசலில் சரியாக உட்காராமல் போகலாம். தனி வாசலோடு வரும் நடு மடல் சிரை அதற்கு நேர்மாறு. அவ்வளவு சின்ன வாசலில் தழும்பு போட்டால் சுருங்கி அடைத்துக்கொள்ளும். அது எங்கே இருக்கிறது என்று தெரிந்தால் அவர்கள் ஒதுங்கிப் போவார்கள்.

புதியவர்கள் தவறாமல் ஏமாறும் இடம் இடது ஏட்ரியத்தின் அப்பென்டேஜ், அதோடு ஒட்டிய சின்னப் பை. அது இடது மேல் சிரைக்கு முன்னால், பக்கத்திலேயே இருக்கும். நடுவில் ஒரு மேடு மட்டும். வெளிநோக்கித் தொடர்ந்தால் அப்பென்டேஜ் பையாக முடிந்துவிடும், சிரை நுரையீரலுக்குள் போகும். முனை வரை போகச் சொன்னது இதற்கும்தான்.

தமனிகள்: இடது மேல் மடலில் நேரம் செலவழியுங்கள்

வலது தமனி ஒப்பீட்டளவில் ஒழுங்கானது. மகாதமனிக்கும் மேற்பெருஞ்சிரைக்கும் பின்னால் வந்து, மேல் மடலுக்கு ஒரு பெரிய முன்தண்டைக் கொடுத்துவிட்டு மடல்களுக்கு இடையே இறங்கும். முன்தண்டோடு மேல் மடல் முடிந்தது என்று எண்ணிவிடக் கூடாது. பெரும்பாலானோருக்குப் பின் துண்டத்துக்கு ஒரு கிளை கீழே, மடலிடைத் தமனியிலிருந்து மேல்நோக்கி ஏறும். ஏறும் ஏ2 என்போம் (ஏ என்றால் தமனி, எண் அது போகும் துண்டத்தின் எண்). சிலருக்கு அது இன்னும் கீழே, கீழ் மடலின் ஏ6 கிளையிலிருந்தே கிளம்பும். அப்போது ஏ6ஐ அடியில் கட்டினால் மேல் மடலின் ஒரு பகுதியும் சேர்ந்து போகும். நடு மடலுக்கு ஒன்றோ இரண்டோ கிளை. எத்தனை என்று எழுதுங்கள், போதும்.

இடது தமனி வேறு ரகம். அது இடது மூச்சுக்குழாயின் மேலாக வளைந்து பின்னால் இறங்குகிறது. அந்த வளைவு நெடுகிலும் மேல் மடலுக்குக் கிளைகள் ஒவ்வொன்றாகக் கழலும். இரண்டும் இருக்கலாம், ஏழும் இருக்கலாம். நெஞ்சறுவை மருத்துவர்கள் பயப்படும் மடல் எது என்று கேட்டால் இதைத்தான் காட்டுவார்கள். முதல் கிளை பெரும்பாலும் குட்டையாகவும் தடிப்பாகவும் இருக்கும். மேல் சிரை அதன் முன்னால் மறைத்துக்கொண்டு நிற்கும். சிரையைப் பிரிக்கும்போது பின்னாலிருக்கும் அந்தக் கிளை கிழிந்தால் ரத்தம் கொட்டும்.

இதை வரைய ஒரே வழி பொறுமை. வளைவின் உச்சியிலிருந்து ஒவ்வொரு மில்லிமீட்டராக இறங்குங்கள். ஒரு கிளை கழன்றதும் நின்று, அது எந்தத் துண்டத்து மூச்சுக்குழாயோடு சேருகிறது என்று முனை வரை போய்ப் பார்த்துவிட்டு, மறுபடி தண்டுக்கு வந்து அடுத்ததைத் தொடருங்கள். எல்லாக் கிளையின் தொடக்கத்தையும் முதலில் குறித்துவிட்டு, பெயரைப் பிறகு வைக்கலாம் என்று போனால் நிச்சயம் ஒன்று மாறிப்போகும்.

இதில் தனியாகத் தேட வேண்டியது லிங்குலாவுக்கு, அதாவது இடது மேல் மடலின் கீழ்ப்பகுதிக்கு, போகும் தமனி. வழக்கமாக அது மடல்களின் பிளவுக்குள், ஏ6 கிளம்பிய பிறகு, சற்றுக் கீழே கிளம்பும். ஆனால் ஏறத்தாழ நான்கில் ஒருவருக்கு லிங்குலாவுக்கு ஒரு கிளை முன்பக்கத்திலிருந்தே, மூச்சுக்குழாய்க்கு முன்னால் இறங்கி வரும். சிலருக்கு அது மட்டுமே லிங்குலாவுக்கு வரும் தமனி, சிலருக்குப் பிளவிலும் ஒன்று இருக்கும். லிங்குலாவை விட்டுவைத்து மேல்பகுதியை மட்டும் எடுக்கும் அறுவையில் இந்த முன்கிளையைக் கட்டிவிட்டால், விட்டுவைத்ததற்கு அர்த்தமில்லை.

முன்பெல்லாம் மடலோடு எடுத்துவிடுவதால் இந்த நுணுக்கம் அவ்வளவாகத் தேவைப்படவில்லை. 2022ல் ஜப்பானின் ஜேகாக் 0802 ஆய்வு வெளிவந்தது. நுரையீரலின் ஓரத்தில் 2 செண்டிமீட்டருக்குள் இருக்கும் புற்றுநோய்க்கு மடல் முழுவதும் எடுப்பதற்குப் பதில் துண்டம் மட்டும் எடுத்தவர்கள் உயிர்வாழ்வில் பின்தங்கவில்லை, சற்று முந்தியே இருந்தார்கள். அதற்குப் பிறகு எங்கள் மேசைக்கு வரும் கேள்விகளும் மாறின. “எத்தனை கிளை” என்று கேட்டவர்கள் இப்போது “ஏ3இன் இரண்டாவது கிளை எந்தச் சிரையைத் தாண்டுகிறது” என்கிறார்கள்.

வேறு வீட்டுக்குப் போகும் குழாய்கள்

சிரை இடது ஏட்ரியத்துக்கு வராமல் உடலின் பெருஞ்சிரைகளில் போய்ச் சேருவது நூற்றில் ஒருவருக்கும் குறைவு. பெரியவர்களிடம் வேறு காரணத்துக்காக எடுத்த ஸ்கேனில் தற்செயலாகத்தான் தெரியவரும். இடப்பக்கம் என்றால் மேல் மடல் சிரை மேலேறி இடது பிரேக்கியோசெஃபாலிக் சிரையில் சேரும். அதைப் பார்த்ததும் இளையவர்கள் “இடது மேற்பெருஞ்சிரை” என்று எழுதிவிடுவார்கள். இரண்டையும் பிரிக்க இடது மூச்சுக்குழாய்க்கு முன்னால் பாருங்கள். அங்கே இரண்டு குழாய் இருந்தால் அது இடது மேற்பெருஞ்சிரை. கூட இருப்பது வழக்கமான நுரையீரல் சிரை. ஒன்றுகூட இல்லையென்றால் நுரையீரல் சிரைதான் வழி மாறிப்போயிருக்கிறது. இதயத்தின் சொந்தச் சிரையான கொரோனரி சைனஸ் பெருத்திருந்தால் அதுவும் இடது மேற்பெருஞ்சிரைக்குச் சாட்சி.

வலப்பக்கம் மேல் சிரை மேற்பெருஞ்சிரையில் சேர்ந்திருந்தால் வேலை முடியவில்லை. அதனோடு இதயச் சுவரின் மேற்பகுதியில் ஓட்டை இருக்க வாய்ப்பு அதிகம். நெஞ்சின் மேல் வைத்துப் பார்க்கும் சாதாரண எக்கோவில் அந்த இடம் சரியாகத் தெரியாது. மேற்பெருஞ்சிரை ஏட்ரியத்தில் நுழையும் இடத்தை மெல்லிய துண்டில் பார்த்து ரேடியாலஜிஸ்டிடம் சொல்லுங்கள். வலது நுரையீரலின் சிரை வளைந்து இறங்கிக் கீழ்ப்பெருஞ்சிரைக்குப் போனால் அது சிமிட்டார், அதாவது வளைகத்தி. வலது நுரையீரல் சிறுத்து இதயமும் வலப்பக்கம் சாய்ந்திருக்கும், எக்ஸ்ரேயிலேயே அந்த வளைகத்தி தெரியும்.

ஒரு சிரை மட்டும் வழி மாறியிருந்தால் பலருக்கு வாழ்நாள் முழுதும் ஒன்றும் ஆகாது. ஆனால் அவருக்கு எதிர்ப்பக்க நுரையீரலில் மடல் எடுக்கப் போகிறார்கள் என்றால் கணக்கு மாறிவிடுகிறது. மிச்சமிருக்கும் நுரையீரலில் வீணாகச் சுற்றும் ரத்தத்தின் பங்கு கூடி, இதயத்தின் வலப்பக்கம் திணறும். அதனால் அறுவை ஒரு பக்கம் என்றாலும் இரண்டு பக்கத்துச் சிரைகளையும் பாருங்கள். எங்கள் பிள்ளைகளிடம் நான் கண்டிப்பாக இருக்கும் விஷயம் இது.

மகாதமனியிலிருந்து நேராக நுரையீரலுக்குள் ஒரு தடித்த தமனி போனால், அதிகமாகக் கீழ் மடலில், சீக்வெஸ்ட்ரேஷன் (மற்ற நுரையீரலோடு சேராமல் தனித்து நிற்கும் பகுதி) இருக்கலாம். அந்தத் தமனி சில சமயம் உதரவிதானத்துக்குக் கீழே, வயிற்று மகாதமனியிலிருந்து ஏறிவரும். ஸ்கேனை நுரையீரலின் அடியோடு நிறுத்திவிட்டால் அதன் தொடக்கம் கிடைக்காது. மேல்வயிறு வரை ஓட்டுங்கள். மூச்சுக்குழாய்த் தமனிகளும் மகாதமனியிலிருந்துதான் வருகின்றன, வழக்கமாக ஐந்தாவது, ஆறாவது மார்பு முள்ளெலும்பு மட்டத்தில். 2 மில்லிமீட்டருக்கு மேல் தடித்திருந்தால் குறியுங்கள். இருமலில் ரத்தம் வருபவருக்கு அடைக்கப் போவது இவற்றைத்தான்.

அஜைகஸ் மடலைப் பார்த்துப் பதற வேண்டாம். அஜைகஸ் சிரை வலது மேல் மடலைக் கிழித்துக்கொண்டு வளைந்து போவதால் வரும் மடிப்பு அது. நூற்றில் ஒருவருக்கு இருக்கும். ஒரு வரி போதும்.

தமனி நேரே சிரையோடு இணைந்து உருண்டையாக வீங்கியிருக்கும் ஏவிஎம் அப்படிப்பட்டதல்ல. மருந்து போடாத படத்தில் அது கட்டி போலவே தெரியும். உருண்டைக்கு ஒரு குழாய் வருகிறதா, ஒன்று போகிறதா என்று பின்தொடர்ந்து பாருங்கள். தெரியாமல் அதில் ஊசி குத்தினால் ஆபத்து. வரும் தமனியின் விட்டத்தை அளந்து கொடுங்கள், 2, 3 மில்லிமீட்டர் இருந்தாலே அடைப்பதைப் பற்றி யோசிப்பார்கள்.

அறுவை மருத்துவருக்குக் கொடுக்கும்போது

நோயாளி ஆபரேஷன் மேசையில் ஒருக்களித்துப் படுத்திருப்பார். நீங்கள் கொடுக்கும் முப்பரிமாணப் படம் நேராக நிமிர்ந்து நின்றால் மருத்துவர் மனதுக்குள் திருப்பிப் பார்க்க வேண்டும். படத்தைத் திருப்பி, அவர் காமிராவில் பார்க்கப்போகும் கோணத்தில் ஒன்று, பிளவுப் பக்கமிருந்து ஒன்று, பின்னாலிருந்து ஒன்று என்று சேமியுங்கள். குறிப்பையும் அவர் சந்திக்கும் வரிசையில் எழுதுங்கள்: எதை முதலில் பிரிப்பாரோ அது முதலில். கட்டிக்கும் பக்கத்துச் சிரைக்கும் உள்ள தூரத்தை மில்லிமீட்டரில் போடுங்கள். சந்தேகம் இருந்தால் “சந்தேகம்” என்று அந்தக் கிளையின் மேலேயே எழுதுங்கள். அழகாக வண்ணம் பூசிய படத்தில் சந்தேகம் ஒளிந்துகொள்ளும்.

வீட்டில் ஒருவருக்கு இப்படி அறிக்கை வந்தால்

தெரிந்தவர்கள் என்னைப் பிடித்துவிடுவார்கள். “அக்கா, அப்பா ரிப்போர்ட்ல நுரையீரல் நரம்பு வேற இடத்துல சேருதுன்னு போட்டிருக்கு. ஆபரேஷனா?”

“நரம்பு இல்லை தம்பி, ரத்தக் குழாய். பிறந்ததிலிருந்தே அப்படித்தான் இருந்திருக்கும். அப்பாவுக்கு இப்ப வயசு என்ன?”

“எழுபத்தொண்ணு.”

“அப்ப எழுபத்தொரு வருஷமா அதோடதான் நடந்துட்டு இருக்காரு. ஆனா டாக்டர்கிட்ட மூணு விஷயம் கேளு.”

அந்த மூன்றையும் இங்கேயும் சொல்லிவிடுகிறேன். இதயத்தின் வலப்பக்கம் பெரிதாகியிருக்கிறதா? இதனோடு இதயச் சுவரில் ஓட்டை இருக்கிறதா என்று பார்த்தாயிற்றா? இனி நெஞ்சிலோ இதயத்திலோ ஏதாவது செய்வதாக இருந்தால் இதை முன்கூட்டியே யாரிடம் சொல்ல வேண்டும்? கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டியவர் மருத்துவர்தான். ஸ்கேன் எடுக்கும் நாங்கள் வாசலில் நின்று முடிவு சொல்லக் கூடாது, எங்களை வற்புறுத்தவும் வேண்டாம்.

ஏவிஎம் என்று வந்திருந்தால் மட்டும் வேறு பேச்சு. பல் பிடுங்கவோ சுத்தம் செய்யவோ போகும் முன் பல் மருத்துவரிடம் சொல்லுங்கள், ஆன்டிபயாட்டிக் தேவைப்படும். கையில் டிரிப் போட்டால் காற்றுக் குமிழி போகாமல் கவனிக்கச் சொல்லுங்கள். பிந்தானுக்கோ தியோமானுக்கோ போய் ஸ்கூபா மூழ்கும் எண்ணம் இருந்தால் விட்டுவிடுங்கள். குடும்பத்தில் வேறு யாருக்காவது அடிக்கடி மூக்கில் ரத்தம் வருமா என்று மருத்துவர் கேட்பார்; பரம்பரையாக வரும் எச்எச்டி என்ற நோய் இருக்கிறதா என்று பார்க்கத்தான், யோசித்து உண்மையைச் சொல்லுங்கள்.

பழைய ஸ்கேனைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஜோகூரிலோ சென்னையிலோ எடுத்திருந்தால் பெரிய உறையில் ஃபிலிம் கொடுத்திருப்பார்கள். அதை நீங்கள் பத்திரமாக அலமாரியில் வைத்திருப்பீர்கள். ஃபிலிமில் குழாயை உருட்டிப் பின்தொடர முடியாது. அச்சடித்த சில படங்களை வைத்து எங்களால் அதிகம் செய்ய முடியாது. எடுத்த இடத்தில் டைகாம் என்ற மருத்துவப் படக் கோப்பு வடிவில், மெல்லிய துண்டுகள் எல்லாவற்றையும் குறுந்தட்டிலோ பென்டிரைவிலோ கேட்டு வாங்குங்கள். மருந்து போட்டு எடுத்ததா என்று உறை மேலேயே எழுதி வைத்து, அறுவைக்கு முந்தைய சந்திப்புக்கு வரும்போது கொண்டுவாருங்கள். அந்தப் படம் நன்றாக இருந்து, கட்டியும் அதன்பின் மாறவில்லை என்று மருத்துவர் கருதினால், இன்னொரு தடவை ஊசி போடாமலே வரைந்து கொடுக்க எங்களால் முடியும்.